நாலடிச் சங்கிலிக்காக 26 நாள் அலைச்சல்

பின்தெரு வீட்டு மொட்டை மாடியில் ஒரு லேப்ரடார் நாய் கட்டிக் கிடந்தது. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். கத்திரி தொடங்கியிருந்த நேரம், மதுரை வெயில். தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை பத்து மணிக்கு மேல் அதற்கு எட்டாது, ஏனென்றால் சங்கிலி நாலடிக்கு மேல் இல்லை. அலுமினியச் சட்டி பெரும்பாலும் கவிழ்ந்தே கிடக்கும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அது மத்தியானம் முழுக்க இரைப்பதைப் பார்த்துக்கொண்டே, நமக்கு எதற்கு வம்பு என்று ஒரு வாரம் சும்மா இருந்தேன். அந்த ஒரு வாரம் இன்னும் உறுத்துகிறது.

முதலில் வீட்டுக்காரரிடம் நேராகப் பேசினேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். நான் மாமா என்று கூப்பிடுகிற மனிதர்தான். பையன் ஆசைப்பட்டு வாங்கிய நாய், அவன் வேலைக்குப் பெங்களூரு போய்விட்டான், அத்தைக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாது, தான் ஒரு வேளை சோறு வைக்கிறேன் என்றார். காலையில் நான் வந்து தண்ணீர் வைத்து, கொஞ்ச தூரம் நடத்திவிட்டு வருகிறேன் என்றேன். "எங்க நாயை எங்களுக்குப் பாத்துக்கத் தெரியும்மா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. செல்போனில் எடுத்த வீடியோவைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆளாளுக்குத் திட்டினார்கள். மறுநாள் நாய் மாடியில் இல்லை. மாடிப்படிக்கு அடியில், தகரத் தடுப்புக்குப் பின்னால் கட்டிவிட்டார்கள். ஒன்பது நாள் அதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, ராத்திரி முனகல் மட்டும் கேட்டது. ஊரைக் கூட்டினால் உரிமையாளர் திருந்த மாட்டார், மறைப்பார். புகார் கொடுத்து முடிக்கும் வரை படம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. பாவம் என்று சுவருக்கு மேலே எதையும் தூக்கிப் போடாதீர்கள். நான் இரண்டு நாள் சோறும் முட்டையும் போட்டேன். நாய் ஒருமுறை வாந்தி எடுத்ததும் "அந்தப் பொண்ணு எதையோ போட்டுக் கொல்லப் பாக்குது" என்று பேச்சாகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் அதுவே எனக்கு எதிராக வந்தது.

ஸ்டேஷனுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை ரைட்டர் மனுவைப் படிக்காமலே, "நாய்க்கெல்லாம் மனுவாம்மா? மாநகராட்சியில போய்ச் சொல்லுங்க" என்றார். மாநகராட்சி அலுவலகத்தில், தெருநாய் என்றால்தான் தாங்கள் வருவோம், வீட்டு நாய் ஸ்டேஷன் விவகாரம் என்றார்கள். ஒரு முழு நாள் போயிற்று.

இரண்டாம் தடவை எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று நின்றேன். இணையத்தில் பார்த்து, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 325 என்று மனுவில் எழுதியிருந்தேன், ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு என்ற தெம்பில். விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது போன்றவற்றுக்கான பிரிவு அது. எஸ்.ஐ. அந்த வரியைப் பேனாவால் அடித்து மனுவைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சட்டத்தையே எடுத்துப் படித்தேன். பட்டினி போடுவதற்கும் கட்டிப் போடுவதற்கும் உரியது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11(1). அதில் எஃப் என்ற உட்பிரிவு நியாயமில்லாத அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது பற்றியது. ஜி, எப்போதும் கட்டிப்போட்டே வளர்க்கும் நாயை நடக்க ஓட விடாமல் இருப்பது. எச், போதிய சாப்பாடு, தண்ணீர், ஒதுங்க இடம் தராமல் இருப்பது. மூன்றும் அந்த நாய்க்கு அப்படியே பொருந்தின.

ஆனால் இந்த மூன்றும் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்யக்கூடிய குற்றங்கள் கிடையாது. அந்த விஷயத்தில் எஸ்.ஐ. மறுத்தது சரி. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. படித்தபோது வயிறு எரிந்தது. இத்தனை வருடமாக இந்தத் தொகையை யாரும் உயர்த்தவில்லை.

சரி, அப்படியென்றால் எதைக் கேட்பது? புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட முடியாத புகாரையும் பதிவு செய்து ரசீது தரலாம். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போவதானாலும் அது கையில் இருக்க வேண்டும். நாளும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டத்தில் குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். தண்டனை உறுதியானால் நாயின் உரிமையையே பறிக்கும் அதிகாரம் பிரிவு 29-இல் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. எனக்குத் தெம்பு தந்தது அந்த ஒரு பிரிவுதான்.

இதற்கிடையில் இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு ஒரு புகார் அனுப்பினேன், சென்னை திருவான்மியூர் முகவரிக்கு. ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962-இல் தொடங்கிய வாரியம், சென்னையில்தான் இருக்கும் என்ற நினைப்பு. தபால் திரும்பி வந்தது. வாரியம் 2018-லேயே ஹரியானாவில் உள்ள பல்லப்கருக்குப் போய்விட்டது. பழைய முகவரி இன்னும் பல இடங்களில் கிடக்கிறது, பார்த்து அனுப்புங்கள்.

வேலை நடந்தது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில். மூன்று படம், ஒரு பக்க மனு, அவ்வளவுதான். படங்கள் ஒரே இடத்திலிருந்து, ஒரே நாளில் காலை ஏழு, மத்தியானம் ஒன்று, மாலை ஆறு மணிக்கு எடுத்தவை. மூன்றிலும் சட்டி காலி. வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்பே இவற்றை எடுத்துவைத்தது நல்லதாயிற்று. படத்தோடு தேதி, நேரம் போட்ட நோட்டுக் குறிப்பும் இருந்தது. "கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று பொதுவாக எழுதாமல் "இந்தத் தேதியில் இத்தனை மணி நேரம் தண்ணீர் இல்லை" என்று எழுதியதால்தான் படித்தார்கள் என்று நினைக்கிறேன். மனு கால்நடைப் பராமரிப்புத் துறைக்குப் போனது. அதன் நகலோடும் சட்டப் பிரிவின் நகலோடும் மூன்றாம் தடவை ஸ்டேஷனுக்குப் போனபோது அரை மணி நேரத்தில் ரசீது கிடைத்தது. அதே ரைட்டர்தான்.

மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் வந்தார், கூட ஓர் ஏட்டு. தகரத் தடுப்பை விலக்கியதும் வந்த நாற்றத்தை மறக்க முடியாது. கழுத்துப் பட்டை சதைக்குள் இறங்கி, புண்ணில் புழு வைத்திருந்தது. காது முழுக்க உண்ணி. மருத்துவர் தூக்கிப் பார்த்து 18 கிலோ இருக்கும் என்றார், அந்த வயதுப் பெட்டை லேப்ரடார் 25 கிலோவுக்குக் குறையக் கூடாது. அவர் அதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடும்போதுதான் மாமாவின் முகம் மாறியது. அதுவரை நான் சொன்னதெல்லாம் அவருக்கு வம்புப் பேச்சாகவே இருந்திருக்கிறது.

அத்தைதான் வாசற்படியில் உட்கார்ந்தபடி, "எடுத்துட்டுப் போயிரும்மா, என்னால அது சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல" என்றார்.

அப்போதும் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிடவில்லை. ஏட்டு சொன்னபடி ஒரு வெள்ளைத் தாளில், நாயை என் விருப்பத்தின் பேரில் இன்னாரிடம் ஒப்படைக்கிறேன், இனி உரிமை கோர மாட்டேன் என்று மாமா எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏட்டும் மருத்துவரும் சாட்சி. இது இல்லாமல் நாயைத் தொடவே தொடாதீர்கள். நல்லெண்ணத்தில் தூக்கிப் போனாலும் அது திருட்டாகத்தான் பார்க்கப்படும். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு உரிமையாளர் கையெழுத்து கேட்டார்கள். அந்தத் தாளைக் காட்டி நான் போட்டேன்.

புண் ஆற ஐந்து வாரம் ஆனது. உண்ணிக் காய்ச்சலும் இருந்தது, மாத்திரையில் சரியாயிற்று. இப்போது நத்தத்தில் தம்பியின் தோப்பில் இருக்கிறது, 24 கிலோ.

போன மாதம் மாமா அங்கே வந்தார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வரட்டுமா என்று கேட்கவும் தயங்கினார். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை, நான் வாங்க என்று சொல்லவில்லை. நாய் அவர் குரலைக் கேட்டதும் தென்னை மரத்தடியிலிருந்து எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடியது.