கணவரின் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்

மூன்றாவது கருவும் கலைந்த பிறகுதான் என் கணவரின் கையில் முதல்முறையாக ஊசி ஏறியது. அதுவரை தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மை, கர்ப்பப்பை ஸ்கேன் என்று எல்லாம் எனக்குத்தான். ஒவ்வொன்றும் நார்மல் என்று வரும், உடனே அடுத்த சோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதுவும் என் பெயரிலேயே.

அவருக்கு விந்துப் பரிசோதனை ஒன்றை மட்டும் சிங்கப்பூரில் நாங்கள் போய்க்கொண்டிருந்த தனியார் கிளினிக்கில் செய்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள் என்பது கீழ் வரம்பு. அவருக்கு அதைவிட நிறையவே இருந்தது. ஓட்டமும் வடிவமும் சரி. "உங்கள் கணவரிடம் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லி அவர் கோப்பை மூடிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் எங்களுக்கு இன்னொரு கருவும் போனது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். விந்துப் பரிசோதனை அணுக்களை எண்ணும், அவை ஓடுகின்றனவா என்று பார்க்கும். உள்ளே இருக்கும், மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்களை அது பார்ப்பதே இல்லை. யாராவது ஒருவர் இதை எங்களிடம் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது முறை டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் சிகிச்சை) செய்தபோது, எடுத்த திசுவைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன். சரி என்றார்கள். பிறகு விசாரித்தால் அது ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் ரசாயனத்தில்) போடப்பட்டு, வழக்கமான திசுப் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. ஃபார்மலினில் செல்கள் செத்துவிடும். அதன் பிறகு அவற்றை வளர்த்துக் குரோமோசோமைப் பார்க்க வழியில்லை. காரணம் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் "திசு சாதாரணம்" என்று ஒரு வரி மட்டும் வந்தது. இந்த நிலையில் இருக்கும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: அறுவை அறைக்குள் போகும் முன்பே மருத்துவரிடமும் தாதியிடமும் "குரோமோசோம் சோதனைக்கு அனுப்ப வேண்டும், ஃபார்மலின் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பேசத் தெம்பு இருக்காது. கூட வருபவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம்தான் அரசாங்க மருத்துவமனைக்கு மாறினோம். அங்கே முதல் சந்திப்பிலேயே மருத்துவர் "இருவருக்கும் கேரியோடைப் பார்க்கலாம்" என்றார். ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் சோதனை அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் முகப்பில் இருந்தவர், கணவர் பெயரில் பதிவு இல்லை, என் ரெஃபரல் கடிதம் எனக்கு மட்டும்தான் செல்லும், மானியக் கட்டணம் வேண்டுமானால் அவருக்குத் தனிக் கடிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அரை நாள் விடுப்பு வீண். விதி அது என்றால் சரி. சந்திப்பை உறுதிசெய்யத் தொலைபேசியில் அழைத்தபோது "கணவரும் வரட்டும்" என்று சொன்னவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? முதலிலேயே இருவரும் பலதுறை மருந்தகத்துக்கு (அரசு பாலிகிளினிக்) போய் ஆளுக்கொரு கடிதம் வாங்கிவிடுவது நல்லது. அவருடைய கடிதத்தில் "தொடர் கருச்சிதைவு, தம்பதியர் கேரியோடைப்" என்று காரணம் எழுதியிருக்கட்டும்.

அடுத்து ரத்தக் குழாய். என் ரத்தத்தைப் பச்சை மூடிக் குழாயில் எடுத்தார்கள். வேறொரு நாள் தனியாகப் போன அவருக்கு ஊதா மூடிக் குழாய். அன்றே வீட்டில் சொன்னார், நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தம் எடுப்பவருக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரிந்துவிடப் போகிறது? என் முடிவு வந்தது, நார்மல். அவருடையது வரவே இல்லை. நானே அழைத்துக் கேட்டபோதுதான், மாதிரியை ஆய்வகம் ஏற்கவில்லை என்று தெரிந்தது. கேரியோடைப்புக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் போட்ட பச்சை மூடிக் குழாய் வேண்டும். வெள்ளை அணுக்களை உயிரோடு மூன்று நாள் போல வளர்த்து, அவை பிரியும் கட்டத்தில் நிறுத்தி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஊதா மூடிக் குழாய் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சோதனைகள் போன்றவற்றுக்கானது. திரும்ப எடுக்க வேண்டும் என்ற தகவல் எங்கோ கணினியில் கிடந்திருக்கிறது, எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. தொலைபேசியில் பேசிய ஆய்வகப் பெண்மணி மட்டும் பொறுமையாக விளக்கிவிட்டு, "சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் கொடுக்காதீர்கள், விடுமுறை முடிந்து வாருங்கள், ரத்தம் புதிதாக வந்து சேர வேண்டும்" என்றார். அவர் நன்றாக இருக்கட்டும்.

முடிவு வந்தது. தாளில் 22 ஜோடிக் குரோமோசோம்களும், கடைசியில் எக்ஸ், ஒய் இரண்டும் வரிசையாக அடுக்கியிருந்தன. 11க்கும் 22க்கும் பக்கத்தில் மட்டும் சின்ன அம்புக்குறி. மரபணு ஆலோசகர் சந்திப்பு அட்டையின் பின்பக்கத்தில் நீலப் பேனாவால் நீளமாக ஒரு கோடும், சிவப்புப் பேனாவால் குட்டையாக ஒரு கோடும் போட்டார். பிறகு பக்கத்திலேயே அவற்றைத் திரும்ப வரைந்தார். இந்த முறை நீலக் கோட்டின் நுனி சிவப்பில், சிவப்பின் நுனி நீலத்தில். அவ்வளவுதான் என்றார். எதுவும் குறையவில்லை, கூடவில்லை, அதனால் அவருக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் விந்தணு உருவாகும்போது குரோமோசோம்கள் பாதியாகப் பிரிய வேண்டும். அப்போது சில அணுக்களுக்குச் சரியான கணக்கு கிடைக்கும், சிலவற்றுக்கு ஒரு துண்டு கூடும், சிலவற்றுக்குக் குறையும். எல்லாம் ஒரே மாதிரி ஓடும், முட்டையைச் சேரும், வீட்டுச் சோதனையில் இரண்டு கோடு தெரியும். கணக்குத் தவறிய கரு சில வாரங்களில் நின்றுவிடும். எனக்கு நடந்ததெல்லாம் அந்த அட்டையில் இருந்தது.

தொடர்ந்து கரு கலையும் தம்பதியரில் 100 ஜோடிக்கு 3 முதல் 5 ஜோடிகளில், இருவரில் ஒருவருக்கு இப்படி, எதுவும் கூடாமல் குறையாமல் துண்டுகள் இடம் மாறும் சமநிலை இடமாற்றம் இருக்கிறதாம். 11, 22 இடமாற்றம் ஒருவருக்கொருவர் உறவே இல்லாத பல குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் வகை. விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருப்பவர்களின் பாதை வேறு. அவர்களுக்குக் கேரியோடைப்போடு ஒய் குரோமோசோமில் ஏதாவது பகுதி விட்டுப்போயிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அப்படி இருந்தால், விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் ஊசிமுறைக் கருத்தரிப்பில் பிறக்கும் மகனுக்கும் அது போகும். அதை முன்பே தெரிந்துகொண்டு முடிவெடுப்பது அவசியம்.

எங்களுக்கு இரண்டு வழிகள் சொன்னார்கள். இயல்பாகவே முயல்வது ஒன்று: இப்படி இருப்பவர்களில் நிறைய பேர் நல்ல குழந்தை பெற்றிருக்கிறார்கள், கரு தங்கினால் நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ சோதிக்கலாம். இன்னொன்று, ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்குவது) செய்து, கருவைப் பதிக்கும் முன்பே குரோமோசோம் அமைப்பு மாற்றத்துக்குச் சோதிப்பது. இங்கே 2021 மே மாதம் முதல் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. 2022 முதல், தகுதியுள்ள சிங்கப்பூர்த் தம்பதியருக்கு அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனைக்கும் 75 விழுக்காடு வரை மானியம் உண்டு. மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் முதல் சுற்றுக்கு 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை எடுக்கலாம். ஆயுளுக்கும் சேர்த்து 15,000 வெள்ளிதான். எவ்வளவு கையிலிருந்து போகும் என்பதை முதல் ஊசிக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தோம். இன்னொரு முறை இழக்க எனக்குத் தெம்பில்லை.

அத்தையிடம் என் கணவரே சொன்னார். ஈசூன் பகுதியில் உள்ள வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதே படத்தை வரைந்து, "அம்மா, காரணம் என் பக்கம். இனிமேல் அவளுக்கு விரதம், பரிகாரம் என்று எதுவும் சொல்லாதீங்க" என்றார். "உனக்கா? நீ நல்லாத்தானே இருக்கே" என்று அத்தை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப சின்னவனுக்கும் இருக்குமா?"

இத்தனை நாளில் எங்கள் வீட்டில் எழுந்த கேள்விகளில் மிகச் சரியான கேள்வி அதுதான். மாமாவுக்கோ அத்தைக்கோ இது இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. என் கொழுந்தனுக்குத் திருமணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. தனக்கென்று ரெஃபரல் கடிதம் வாங்கி, அண்ணன் முடிவின் நகலை இணைத்துக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனான். ரத்தம் எடுக்க வந்த தாதியிடம் பச்சை மூடிக் குழாய்தானே என்று கேட்டிருக்கிறான். அவர் படிவத்தைத் திரும்பப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த குழாயை மாற்றினாராம். அவனுடைய முடிவு நார்மல். நாத்தனார் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளுக்கும் நகல் அனுப்பியிருக்கிறோம், அடுத்த வாரம் போகிறாள்.