புரிஞ்சுக்க நினைச்சவன் தோத்தான்

காமெடி சண்டைன்னா எனக்கு போபோபோ-போ போ-போபோ தாங்க, அதுக்கு மேல ஒண்ணு இல்ல. யோஷியோ சவாய் வரைஞ்ச மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், 2001ல ஷோனென் ஜம்ப் வார இதழ்ல ஆரம்பிச்சுது, அதை டோயெய் ஸ்டுடியோ அனிமேவா, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் சீரிஸா எடுத்து 2003லேர்ந்து 2005 வரைக்கும் 76 எபிசோடு ஓட்டினாங்க. கதை என்னன்னா ஒரு மொட்டை பேரரசன் ஊர்ல இருக்கற எல்லாருக்கும் மொட்டை அடிக்க ஆள் அனுப்புறான், மஞ்சள் ஆஃப்ரோவும் கூலிங்கிளாஸுமா போபோபோ வந்து மூக்கு முடியை சாட்டையா வீசி அவங்கள அடிக்கிறான். கதை அவ்ளோதான்.

நிறைய பேர் இதை சும்மா கண்டபடி எடுத்த சீரிஸ்னு சொல்றாங்க, எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. வழக்கமான சண்டை அனிமேல வில்லன் தன் பவர் என்னன்னு விளக்குவான், ஹீரோ யோசிச்சு ஓட்டை கண்டுபிடிப்பான். இங்க வில்லன் அதே மாதிரி சீரியஸா விளக்க ஆரம்பிப்பான், அதுக்குள்ள நம்மாளுங்க அவனை கண்டுக்காம தனியா ஒரு நாடகமே போட்டுட்டு இருப்பாங்க, போபோபோவோட கூட்டாளி டான் பட்ச் ஒரு வெங்காயத்தாளை வாள்னு தூக்கிட்டு நான்தான் ஹீரோன்னு குதிப்பான், வில்லன் கண்ணு பிதுங்கி "என்னடா பண்றீங்க"ன்னு கத்துவான் பாருங்க, அந்த செகண்ட்ல மூக்கு முடி பளார்னு விழும். பலம் கம்மியா இருந்து அவன் தோக்கல, இவங்களை புரிஞ்சுக்க பாத்தான், அதான் தோத்தான். எவ்ளோ அழகான ஐடியா!

இதுல பியூட்டிக்கு யாரும் சரியா பாராட்டு குடுக்கறதில்ல. கூடவே நின்னு ஒவ்வொண்ணுக்கும் அதிர்ச்சியாகி கத்துற பொண்ணு. அவ மட்டும் இல்லன்னா இது வெறும் சத்தம், அவ கத்துறதாலதான் நமக்கு சிரிப்பு வருது.

அப்புறம் இன்னொரு கூட்டாளி டென்னோசுகே. கடல்பாசி ஜெல்லியாலயே ஆன உடம்பு, கடையில வாங்க ஆளில்லாம கிடந்தவன், பாவம் சண்டைல போபோபோ அவனைத்தான் கேடயமா முன்னாடி தள்ளுவான், தெறிச்சு சிதறுவான், திரும்ப ஒட்டிக்கிட்டு வந்து நிப்பான். அவனை எனக்கு ரொம்பப் புடிக்கும்.

பாக்கறதா இருந்தா ஜப்பானிய குரல்லயே பாருங்க. பின்னாடி ஜோஜோங்கற அனிமேல வில்லன் டியோவுக்கு பேசின தகேஹிதோ கோயசு தான் போபோபோவுக்கு குரல், அத்தனை கூத்தையும் அந்த கம்பீரமான குரல்ல துளி சிரிப்பு இல்லாம பேசுவார். ஒரே மூச்சுல பாக்காதீங்க, தலை சுத்தும், தினம் ஒரு எபிசோடு போதும்.