தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்: ஆர்லாண்டோ பயணம்

டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த செயற்கை ஆற்றை மூடிவிட்டார்கள். ஜூலையிலிருந்தே படம் படமாகப் பார்த்துக்கொண்டிருந்த விஷயம்தான். ஆனாலும் நேரில் போய் அதை மறைத்திருந்த தடுப்புச் சுவருக்கு முன்னால் நின்றபோது வந்த கோபம் வீடு திரும்பியும் அடங்கவில்லை. அதனால் முதலில் அதை எழுதிவிடுகிறேன். எங்கே தங்கினோம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் அப்புறம்.

1971 அக்டோபர் 1 அன்று ஃப்ளோரிடாவில் டிஸ்னி பூங்கா திறந்தபோதே அந்த ஆறு இருந்தது. 1973இல் நடுவில் இருந்த டாம் சாயர் தீவையும் திறந்தார்கள். துடுப்புச் சக்கரம் வைத்த நீராவிப் படகு ஒன்று தீவைச் சுற்றி வரும். வெயிலில் அலைந்து களைத்தவர்கள் அதில் ஏறி நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். வரிசை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. 2025 ஜூலை 6 தான் அதற்குக் கடைசி நாள். அந்த இடத்தில் கார்ஸ் அனிமேஷன் படத்தை வைத்து மலை, பாறை, கரடுமுரடான பாதை என்று ஒரு புதுப் பகுதி வரப்போகிறது. அதற்கும் பின்னால், பிக் தண்டர் ரோலர் கோஸ்டர் மலையைத் தாண்டி, டிஸ்னி வில்லன்களுக்கென்றே இன்னொரு பகுதி. இரண்டையும் 2024 ஆகஸ்டில் அனஹைமில் நடந்த டி23 ரசிகர் விழாவில் அறிவித்தார்கள்.

வில்லன்கள் பகுதிக்கு நான் முழு ஆதரவு. பல வருடமாக ரசிகர்கள் கேட்டது அது. கார்ஸுக்கும் எதிரி இல்லை. ஆனால் ஆற்றை அழித்துத்தான் அதைக் கட்ட வேண்டுமா? கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் ஸ்டார் வார்ஸ் பகுதி கட்டும்போது இதே பிரச்சினை வந்தது. 2016 ஜனவரியில் அங்கே ஆற்றை நிறுத்தினார்கள். பின்பக்கம் கொஞ்சம் வெட்டிக் குறுக்கினார்கள். புதிதாகப் பாறையும் அருவியும் வைத்து 2017 கோடையில் மறுபடி படகை ஓடவிட்டார்கள். அந்தப் பூங்கா எவ்வளவு நெருக்கடியான இடத்தில் இருக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கேயே முடிந்திருக்கிறது. சுற்றிலும் சொந்த நிலம் பரந்து கிடக்கும் ஃப்ளோரிடாவில் முடியாது என்றால் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, சுவருக்கு அந்தப் பக்கம் என்னதான் தெரிகிறது? தரையில் நின்றால் ஒன்றும் தெரியாது. ஆற்றங்கரை நடைபாதை முழுக்க ஆளுயரத்துக்கு மேல் தடுப்பு. ஒரே வழி, டிஸ்னி இளவரசி டியானாவின் பெயரில் உள்ள ரைடு. முன்பு ஸ்ப்ளாஷ் மவுண்டனாக இருந்து, 2024 ஜூனில் புது வேஷம் போட்டுக்கொண்ட அதே மரக்கட்டைப் படகு ரைடுதான். மேலே ஏறி, 50 அடி பள்ளத்தில் விழுவதற்குச் சற்று முன்னால் வெளிச்சத்துக்கு வருவோம். "மாமா, கீழ பாக்காதீங்க, நேரா பாருங்க" என்று கத்தினான் அக்கா பையன். பார்த்தேன். தண்ணீர் இருந்த இடமெல்லாம் செம்மண்ணும் சேறும் கலந்த பழுப்பு. மஞ்சள் எக்ஸ்கவேட்டர் ஒன்று கையை மடக்கி நின்றது. பக்கத்தில் கான்கிரீட் குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான், அடுத்த நொடி வயிறு தொண்டைக்கு வந்துவிட்டது. நனைந்த சட்டையோடு இறங்கி நேராக மறுபடி வரிசையில் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு தம்பதி, அவர்களும் அதற்கேதான் வந்திருந்தார்கள். பெரிய லென்ஸ் கேமராவை பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார் அந்த அம்மா.

இந்தக் கிறுக்கு எனக்கும் அவனுக்கும் பொதுவானது. அவனுக்குப் பதினொரு வயது. கட்டி முடித்த பூங்காவைவிட, கட்டிக்கொண்டிருக்கும் பூங்காதான் அவனுக்கு உசத்தி. எனக்கும் அப்படித்தான். திறந்த பிறகு கூட்டம் வரும், வரிசை வரும், எல்லாரும் ஒரே படத்தை எடுப்பார்கள். கட்டும்போதுதான் எது எங்கே வருகிறது, ஏன் அங்கே வருகிறது என்று யோசிக்க இடம் இருக்கிறது.

இந்தக் கட்டுமான வேலைகளைப் பற்றிய துப்பு எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஃப்ளோரிடாவில் வேலை தொடங்கும் முன், வேலை தொடங்கப்போகிறது என்ற அறிவிப்பை மாவட்டப் பதிவில் பதிய வேண்டும். எந்த ஒப்பந்தக்காரர், எந்த முகவரி என்பது அதில் இருக்கும். ஆரஞ்ச் கவுண்டியின் இணையப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைவிடப் பெரிய புதையல் தெற்கு ஃப்ளோரிடா நீர் மேலாண்மை மாவட்டம் என்ற அரசு அமைப்பிடம் இருக்கிறது. அந்த நிலம் முழுக்கச் சதுப்பு. புதிதாகக் கூரை போட்டால், தளம் போட்டால், மழைத்தண்ணீர் எங்கே வடியும் என்று கணக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். கணக்குக் காட்ட வரைபடம் வேண்டும். வரைபடத்தில் கட்டடத்தின் உருவம் வந்துவிடும். திட்டத்துக்கு என்ன ரகசியப் பெயர் வைத்தாலும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோட்டோவியத்தைப் பார்த்து, இது ரைடுக் கூடம், இது சமையலறை, இது கழிப்பறை என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் வாதாடுவார்கள்.

அப்புறம் வான்படங்கள். டிஸ்னிக்கு மேலே 3 கடல் மைல் வட்டாரத்தில் 3,000 அடிக்குக் கீழே பறக்கக்கூடாது என்று 2003 முதல் தடை இருக்கிறது. டிரோனுக்கு வாய்ப்பே இல்லை. ஹெலிகாப்டரில் அந்த உயரத்துக்கு மேல் போய், நீள லென்ஸில் எடுத்துத் தருகிறார்கள் சிலர். அந்தப் படங்கள் மட்டும் இல்லையென்றால் நம் கையில் பாதித் தகவல்கூட இருக்காது.

இப்போது செலவுக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எரிச்சல் அங்கேதான் தொடங்கியது. தீபாவளி முடிந்த கையோடு அட்லாண்டாவிலிருந்து மலிவு விமானம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து பக்கத்து ஊரான கிஸ்ஸிமிக்கு ஆப்பில் வண்டி பிடித்தோம். நடுவில் சுங்கச்சாலை. பாதி வழியில் ஓட்டுநர், "டோலுக்குத் தனியாகக் கையில் கொடுத்துவிடுங்கள்" என்றார். ஆப்பில் காட்டிய தொகையிலேயே டோல் சேர்ந்திருக்கிறது, திறந்து காட்டினேன். அது வேறு, இது வேறு என்றார். பெட்டியை டிக்கியிலிருந்து எடுத்துத் தரும்போதும் கேட்டார். கொடுக்கவில்லை. பின்னால் கூட வந்த பிள்ளை பயந்துபோய் உட்கார்ந்திருந்தான், அதுதான் எனக்கு ஆத்திரம். ஆர்லாண்டோவில் யாராவது இப்படிக் கேட்டால் ரசீதைத் திறந்து காட்டுங்கள், ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

தங்கியது 192ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மோட்டல். இணையத்தில் போட்டிருந்த வாடகை ஒன்று, கவுண்டரில் கேட்டது ஒன்று. இடையில் 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒரு வரி முளைத்திருந்தது. நீச்சல் குளத்தில் பாசி. அந்தக் கட்டணத்துக்கு ஈடாக 'பூங்காவுக்கு இலவசப் பேருந்து' என்றார்கள். காலையில் ஒரே ஒரு நடை. சொன்ன நேரத்துக்கு வரவில்லை. நாங்களும் பிரேசிலிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பமும் வாசலில் நின்றுகொண்டே இருந்தோம். வந்த வண்டி இன்னும் மூன்று மோட்டல்களில் புகுந்து புறப்பட்டது. பூங்கா திறக்கும்போது நாங்கள் ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில் இருந்தோம். 150 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய ஒரு நாள் டிக்கெட் இது. கூட்டம் சேரும் முன்பு உள்ள முதல் மணி நேரம்தான் அதில் தங்கம். அந்தத் தங்கத்தை அந்தப் பேருந்து தின்றுவிட்டது. மறுநாள் லிங்க்ஸ் நகரப் பேருந்தில் ஏறினோம். 192 வழியாக மேஜிக் கிங்டம் பக்கம் போகும் 56ஆம் எண், ஆளுக்கு 2 டாலர். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் போகிறது.

டிஸ்னியின் இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டம் போன பிறகுதான் மனசு ஆறியது. அங்கே டைனோலேண்ட் இருந்த இடத்தில் 11 ஏக்கரில் வெப்பமண்டல அமெரிக்கப் பகுதி எழும்புகிறது, 2027இல் திறப்பு. நடுவில் ஒரு சிற்றூர், பெயர் பியூப்லோ எஸ்பெரான்சா. என்கான்டோ படத்தின் மாய வீட்டுக்குள் போகும் ரைடு ஒன்று, மாயன் கோயிலுக்குள் போகும் இண்டியானா ஜோன்ஸ் ரைடு ஒன்று, மர விலங்குகள் சுற்றும் ராட்டினம் ஒன்று. இங்கே போனது மலிவான திருவிழாக் கடைகள் மாதிரி இருந்த பகுதி. அதற்காக யாரும் அழ வேண்டாம். நான் அழவில்லை.

நாங்கள் போனபோது டைனோசர் ரைடு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு 2026 பிப்ரவரி தொடக்கம் வரைக்கும்தான் ஆயுள். 1998 ஏப்ரலில் பூங்கா திறந்த நாளிலிருந்து இருந்தது. அதில் ஓடிய வண்டி 1995இல் கலிஃபோர்னியாவின் இண்டியானா ஜோன்ஸ் ரைடுக்காகச் செய்த அதே வகை. சக்கரத்துக்கு மேலே இருக்கும் உடற்பகுதி தனியாகக் குலுங்கும், சாயும், பின்னுக்கு இழுக்கும். சாலை சமமாகத்தான் இருக்கிறது, ஆனால் பாறை மேல் ஏறி இறங்குவது போல முதுகு நம்பிவிடும். அந்தக் கட்டடத்துக்குள்தான் புதிய கோயில் ரைடு வரப்போகிறது. இருட்டில் டைனோசர் பாய்ந்தபோதும் அக்கா பையன் அதைப் பார்க்கவில்லை. வண்டி எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்று விரலால் மடியில் கோடு போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, இந்த வளைவுலதான் உருண்டைக் கல்லு வரும்னு நெனைக்கிறேன்" என்றான். இண்டியானா ஜோன்ஸ் படத்தில் நாயகனைத் துரத்தி வருமே, அந்தக் கல். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ரைடுக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் தடுப்பு, நடுவில் ஒரு சந்து. மேலே எட்டிப்பார்ப்பது கிரேன் கழுத்தும் இரும்புச் சட்டங்களும்தான். இங்கேயும் உயரம்தான் கைகொடுத்தது. எவரெஸ்ட் ரோலர் கோஸ்டர் ஓடும் மலை 200 அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. உச்சியில் பிய்ந்துபோன தண்டவாளத்துக்கு முன்னால் ரயில் நின்றுவிடும், பின்னால் ஓடுவதற்குமுன் ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவே வெட்டவெளியாக மண், அதில் வரிசையாகச் சட்டங்கள், பளிச்சென்ற சட்டை போட்ட ஆட்கள். வரைபடத்தில் கோடாகப் பார்த்த கட்டடம் நிஜமாக எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கத்திவிட்டேன்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்று ஓர் உணவகம். பூங்கா டிக்கெட் தேவையில்லை. அங்கே ரொட்டித் தட்டு கேளுங்கள். நான் ரொட்டி, வெங்காயக் குல்ச்சா, பன்னீர் பராத்தா என்று ஐந்து வகை. தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணம்: வெள்ளரி ராய்த்தா, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, மாங்காய், தக்காளி-பேரீச்சம்பழ ஜாம், பூண்டு ஊறுகாய், இன்னும் என்னென்னவோ. பூண்டு ஊறுகாய் நம் வீட்டு ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைக்கலாம், அவ்வளவு உறைப்பு. குல்ச்சா சூடாக, ஓரம் மொறுமொறுவென்று வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்ந்துகொண்டிருந்தது. விலை 20 டாலருக்கு மேல்தான், ஆனால் இருவருக்கு வயிறு நிறைந்தது. பூங்காவுக்குள் ஒரு பர்கர், ஒரு கோக் வாங்கின காசை நினைத்தால் இதுதான் நியாயம். மொத்தப் பயணத்திலும் கொடுத்த காசுக்குத் திருப்தியாக எழுந்தது இந்த ஒரு மேசையிலிருந்துதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். 1970 ஜனவரியில், பூங்கா திறக்கப் பல மாதம் இருக்கும்போதே, இதே நிறுவனம் லேக் புவேனா விஸ்டாவில் ஒரு முன்னோட்ட மையம் திறந்தது. பெரிய மாதிரியுரு, ஓவியங்கள், ஒரு குறும்படம், எல்லாம் இலவசம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். வெறும் சதுப்பைப் பார்க்க வந்த கூட்டம் அது! அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, பின்னாளில் ஒரு விளையாட்டுச் சங்கத்தின் அலுவலகம் ஆனது. 2019இல் டிஸ்னியின் எப்காட் பூங்காவை மாற்றும்போதும் ஒடிஸி கட்டடத்துக்குள் ஒரு மாதிரியுரு வைத்தார்கள். நன்றாக இருந்தது, அதை அப்புறம் எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு பூங்காவில் இவ்வளவு பெரிய வேலை நடக்கிறது, எங்களுக்குக் கிடைப்பது பச்சை வர்ணம் அடித்த பலகை. அந்தப் பலகையில் நான்கு ஜன்னல் வெட்டுங்கள், கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் ஒரு வரைபடம் மாட்டுங்கள். வரிசையில் நிற்க ஆள் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: எவரெஸ்டுக்கும் டியானாவுக்கும் தனியாள் வரிசை இருந்தால் அதில் நில்லுங்கள், பார்வைக்கு எந்த இருக்கையும் போதும். சனாவுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அறை எடுக்கும்போது ரிசார்ட் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் 2027க்கு இப்போதிருந்தே மாதம் கொஞ்சம் ஒதுக்க ஆரம்பித்துவிட்டோம், அக்கா பையன் தன் பிறந்தநாள் காசையும் அதில் போட்டுவிட்டான்.