நாற்பது நாட் இன்னும் வரவில்லை

இந்த ஞாயிறும் என் படகின் உச்ச வேகம் 38.2 நாட் தான் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). பினாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் புலாவ் ஜெரெஜாக் தீவின் கிழக்குப் பக்கம், காலை ஏழு மணிக்கு, கண்ணாடி மாதிரித் தண்ணீர். தெற்கே போகும்போது ஜி.பி.எஸ் 39.0 காட்டியது, மச்சான் கூவியே விட்டான். திரும்பி வரும்போது 37.4. நீரோட்டம் கொடுத்த கடனை நீரோட்டமே வாங்கிக்கொண்டது. பினாங்குக் கால்வாயில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டிவிட்டு வேகம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

படகு அதே 22 அடி ஃபைபர் கேட்டமரான், அதாவது இரட்டை ஹல் (உடல்) படகு. பின்னால் இரண்டு யமஹா எஃப்115, இடது எஞ்சின் எதிர்ச்சுற்று, அதன் ப்ரொப்பெல்லர் வலதுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கைக்கு வந்தபோது 19 பிட்ச் (ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி 19 அங்குலம் முன்னேறும்) மூன்று இதழ் ஸ்டெயின்லெஸ் ப்ரொப்பெல்லரில் 5,700 ஆர்பிஎம், 34.1 நாட். ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதம் 2.15 ஆலும், நாட்டாக மாற்ற 1,215 ஆலும் வகுத்தால் 41.5 நாட் வர வேண்டும். வந்தது 34.1. கிட்டத்தட்ட 18 சதவீதம் ஸ்லிப், அதாவது கணக்குக்கும் நிஜத்துக்கும் உள்ள இழப்பு. நேராக ஓடும் ஒரு கேட்டமரானுக்கு இது அநியாயம்.

காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஹல்லின் அடியில் நீளமான அலுமினியச் சட்டத்தை வைத்துப் பார்த்தால், ப்ரொப்பெல்லருக்கு மேலே எஞ்சின் காலில் இருக்கும் தட்டையான தகடு, கேவிடேஷன் பிளேட், அதற்கு 10 மில்லிமீட்டர் கீழே கிடந்தது. (சரியான பெயர் ஆன்டி வென்டிலேஷன் பிளேட். மேலிருந்து காற்றை இழுப்பது வென்டிலேஷன். இதழின் முதுகில் அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவியாவது கேவிடேஷன். பட்டறையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.) இரண்டு எஞ்சின் காலும் தேவையில்லாமல் ஆழத்தில் உழுதுகொண்டு வந்தால் வேகம் எங்கிருந்து வரும்?

சரி, தூக்குவோம் என்று ஆரம்பித்தோம். எஞ்சினைப் படகில் மாட்டும் பிராக்கெட்டில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் 19 மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லைதான். ஆனால் எஞ்சின் ஒவ்வொன்றும் 170 கிலோவுக்கு மேல். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, நான்கு போல்ட்டையும் கழற்றி, தண்ணீர் கசியாமல் அடைக்கும் பழைய சிக்காஃப்ளெக்ஸ் பசையைச் சுரண்டி, புதிதாகப் பூசி, மறுபடி முடுக்கி... ஒரு துளைக்கு ஒரு சனிக்கிழமை போய்விடும். இரண்டாவது துளையில் 35.8. நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது துளையில், பிளேட் அடிமட்டத்துக்கு 28 மில்லிமீட்டர் மேலே வந்தபோது, தலைவலி ஆரம்பித்தது.

வலது எஞ்சின் மட்டும் 30 நாட் தாண்டியதும் வீலென்று கத்தும். ஆர்பிஎம் 6,000-ஐத் தாண்டி ஓடும், படகு இடுப்பொடிந்த மாதிரி தொய்யும். இடது எஞ்சின் தேமே என்று ஓடிக்கொண்டிருக்கும். முதலில் ப்ரொப்பெல்லரின் ஹப் (நடுவில் இருக்கும் ரப்பர் பகுதி) பிடி விட்டுத் தனியே சுழன்றுவிட்டதோ என்று சந்தேகம். உள் ஹப்பிலிருந்து இதழ்களைத் தாங்கும் வெளிக்கூடுவரை பெயிண்டில் ஒரு கோடு போட்டு ஓட்டினோம். கோடு நகரவே இல்லை. இதழ் விளிம்பில் இருக்கும் சிறு வளைவு, கப், தேய்ந்திருக்குமோ என்று பட்டர்வொர்த்தில் ஒரு தவுக்கேயிடம் (கடை முதலாளி) கொடுத்தேன். கப்பைக் கூட்டி அனுப்பினார். ஆர்பிஎம் குறைந்ததே தவிர, கத்தல் நிற்கவில்லை.

அப்புறம் டை பார், இரண்டு எஞ்சின்களையும் சேர்த்துத் திருப்பும் கம்பி. இரண்டு பிளேட்டுகளின் முன்முனைகளுக்கு இடையேயும் பின்முனைகளுக்கு இடையேயும் டேப் பிடித்து அளந்தால், முன்பக்கம் 12 மில்லிமீட்டர் அகலம். ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமியார் மருமகள் மாதிரி இரண்டு எஞ்சின்களும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. டை பாரைச் சுருக்கி இணையாக்கினேன். ஸ்டியரிங் விரலால் திருப்பும் அளவுக்கு லேசாகிவிட்டது. சந்தோஷம். ஆனால் வலது எஞ்சின்? அதே கத்தல்.

மூன்று வாரம் போயிற்று. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடந்து ஏறும்போதுகூட மண்டைக்குள் அந்த வீல் சத்தம்தான்.

கடைசியில் கண்டுபிடித்தது நானில்லை, என் தங்கை மகன். வயது பதினொன்று. படகு டிரெய்லரில் நிற்கும்போது கீழே குனிந்து பார்த்தவன், "மாமா, இந்தப் பக்கம் மட்டும் ஏன் கறுப்பா ஒன்னு தொங்குது?" என்றான். ஃபிஷ்ஃபைண்டர் டிரான்ஸ்டியூசர், மீன் தேடும் கருவியின் ஒலி உணரி! முன்பு படகை வைத்திருந்தவர் வலது ஹல்லின் பின்முனையில், நேரே ப்ரொப்பெல்லருக்கு முன்னால் பொருத்தியிருக்கிறார். அதன் விளிம்பிலிருந்து கிளம்பும் குமிழ்கள் வால்போல நீண்டு இதழுக்குள் போகின்றன. எஞ்சின் ஆழத்தில் கிடந்தவரை இதழ் சமாளித்தது. மேலே தூக்கியதும் நல்ல தண்ணீருக்குப் பதில் நுரையைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு திருகு. ஒரு ஸ்க்ரூடிரைவர். ஐந்து நிமிடம். நான் வெட்கத்தில் அவனுக்கு இரண்டு செண்டோல் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றே 5,850 ஆர்பிஎம்மில் 37.6 நாட். ஸ்லிப் 11.6. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் இது பொழுதுபோக்கா?

நான்காவது துளையில்தான் இப்போதைய 38.2. வந்தது அரை நாட்டுக்கும் கொஞ்சம் கூட. போனது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தம். மூன்றாவது துளையில் முழு வேகத்தில் 15 பி.எஸ்.ஐ காட்டிய கேஜ், நான்காவதில் 7. வளைவில் ஊசி தரையைத் தொடுகிறது. எஞ்சின் காலில் தண்ணீர் உறிஞ்சும் வாய் பக்கவாட்டில் இருக்கிறது, அது பாதி வெளியே வந்துவிடுகிறது போலும். பந்தயக்காரர்கள் மூக்கின் நுனியிலேயே துளை வைத்த கியர்கேஸ் (எஞ்சின் காலின் அடிப்பகுதி) போடுவது இதற்குத்தான். மெக்கானிக் அண்ணன் காப்பிக்கடையில் உட்கார்ந்து கேஜ் எண்ணைக் கேட்டதும் தே தாரேக்கைக் கீழே வைத்துவிட்டார். "மொத தண்ணி வருதான்னு பாரு தம்பி. ஸ்பீடு பிறகு பேசலாம்." இந்தக் கடலில் ஜெல்லிமீனும் பிளாஸ்டிக் பையும் மிதக்கும் லட்சணத்துக்கு அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. எஞ்சினை வேக வைத்துக் குழம்பாக்க எனக்கும் ஆசையில்லை. மூன்றாவது துளைக்கே இறக்கப் போகிறேன், இன்னொரு சனிக்கிழமை.

இதற்கு நடுவில் நான்கு இதழ் ப்ரொப்பெல்லர் ஒரு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறேன். உயரத்தில் ஓட்டும்போது நான்கு இதழ் தண்ணீரை விடாமல் பிடிக்கும். வலச்சுற்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது. இடச்சுற்று கேட்டால் எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள். தைவானிலிருந்து சோலாஸ் வரவழைத்துத் தருவதாகக் கிள்ளான் பக்கம் ஒரு கடைக்காரர் சொன்னார். "அடுத்த வாரம்" என்றவர் நான்காவது அடுத்த வாரத்தில் இருக்கிறார்.

20 பிட்ச் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஒரு அங்குலத்துக்கு 150 முதல் 200 ஆர்பிஎம் குறையும். 5,700 என்று வைத்தால், 11 சதவீத ஸ்லிப்பில் 38.8 நாட். அப்போதும் நாற்பது இல்லை. ஸ்லிப்பை எட்டுக்குக் கொண்டுவந்தால்தான் நாற்பது எட்டிப் பார்க்கும். அதனால் இப்போது எடையில் கை வைத்திருக்கிறேன். பேட்டரி இரண்டையும் பின்னாலிருந்து நடுவுக்கு மாற்றியாகிவிட்டது. முன்னால் இன்னும் கொண்டுபோனால் இரண்டு ஹல்லுக்கும் நடுவிலுள்ள டனலின் வாயிலிருந்து படகு தும்ம ஆரம்பிக்கிறது; முகமெல்லாம் உப்புத் தண்ணீர்.

இரண்டு எஞ்சின்களையும் இடம் மாற்றி, ப்ரொப்பெல்லர்கள் உள்பக்கமாகச் சுற்றும்படி வைத்துப் பார்க்கலாம் என்று வேறு ஒரு யோசனை. கேட்டமரான்காரர்கள் சிலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. செயின் பிளாக்கை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார்.