கார் கதவு திறக்கவில்லையா? முதலில் சாவியை முறுக்குவதை நிறுத்துங்கள்

கார் கதவு திறக்கவில்லை என்றதும் பலரும் செய்கிற முதல் காரியம் சாவியை இன்னும் கொஞ்சம் பலமாக முறுக்கிப் பார்ப்பது, இல்லாவிட்டால் கைப்பிடியைப் பிடித்து ஆத்திரத்தோடு இழுப்பது. இரண்டுமே செலவு வைக்கும். சாவி பாதியில் உடைந்து பூட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால் அப்புறம் பூட்டுக்காரரைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை, கடும் குளிரில் பிளாஸ்டிக் கைப்பிடி வழக்கத்தைவிடச் சுலபமாக உடையும். அதனால் பலத்தைக் காட்டுவதற்கு முன் சிக்கியிருப்பது எது என்று பாருங்கள்.

சாவி நுழையவில்லை, அல்லது நுழைந்தும் திரும்பவில்லை என்றால் கோளாறு பூட்டில். பூட்டு திறந்த சத்தம் நன்றாகக் கேட்கிறது, ஆனாலும் கதவு அசையவில்லை என்றால் பெரும்பாலும் கதவோரத்து ரப்பர் பனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சாவி எந்தத் தடையும் இல்லாமல் சும்மா சுற்றுகிறதா, உள்ளே ஏதோ கம்பியோ கிளிப்போ கழன்றிருக்கிறது. அது மெக்கானிக் வேலை, வெளியே நின்று என்ன ஸ்பிரே அடித்தாலும் பயனில்லை. எதுவானாலும் மற்றக் கதவுகளையும் பின்பக்கக் கதவையும் ஒருமுறை முயன்று பாருங்கள். வெயில் படுகிற பக்கம் பல நேரம் திறந்துவிடும்.

ரப்பர் ஒட்டியிருந்தால் இழுக்காமல் தள்ளுங்கள். உள்ளங்கையால் கதவின் ஓரங்களைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி அழுத்தினால் இடையில் இருக்கும் மெல்லிய பனி நொறுங்கும், பிறகு மெதுவாகத் திறக்கலாம். வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் கிழியும், கிழிந்த இடத்தில் தண்ணீர் இறங்கும், அடுத்த முறை இன்னும் மோசமாக உறையும். குளிர்காலம் தொடங்கும் முன்பே ரப்பரைத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் தடவிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. இன்ஜின் ஆயில் மாதிரி பெட்ரோலிய எண்ணெய் மட்டும் வேண்டாம், கதவு ரப்பர் அதில் ஊதிக் கெட்டுப்போகும்.

வெந்நீர் ஊற்றலாமே என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் பட்டால் விரிசல் விழலாம், ஏற்கெனவே கல் பட்டுத் தெறித்த இடம் இருந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணாடி தப்பினாலும் அந்தத் தண்ணீர் வழிந்து பூட்டுக்குள் போய்ச் சற்று நேரத்தில் அதுவும் பனியாகும்.

உறைந்த பூட்டுக்கு நல்ல மருந்து ஆல்கஹால்தான். காரின் பூட்டுக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் ஸ்பிரிங்கோடு வரிசையாக இருக்கின்றன. சரியான சாவி நுழைந்தால்தான் அவை எல்லாம் ஒழுங்காக நின்று உருளையைத் திரும்ப விடும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும் என்பதால் அந்தச் சின்ன இடைவெளியில் துளி நீர் போதும், தகடு அசையாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மைனஸ் 89 டிகிரி செல்சியஸில்தான் உறையும். பனியை உருக்கும் டீ-ஐசர் ஸ்பிரே இல்லையென்றால் ஆல்கஹால் கலந்த ஹேண்ட் சானிட்டைசரைச் சாவியில் தடவி உள்ளே விட்டு எடுங்கள், ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி செய்யுங்கள். (டீ-ஐசரை வாங்கிக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.) லைட்டரில் சாவியைச் சுடவைக்கும் பழைய வித்தை வெறும் உலோகச் சாவிக்குத்தான். இப்போதைய சாவிகளின் தலையில் சிப் இருக்கிறது, சூட்டில் அது போனால் கதவு திறந்தும் வண்டி கிளம்பாது. அதோடு ஆல்கஹால் தீப்பற்றும், இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

குளிரே இல்லாமலும் பூட்டு இறுகும். எல்லாரும் ரிமோட்டிலேயே காலம் தள்ளுகிறோம், சாவித் துவாரத்தைத் தொடுவதே இல்லை, உள்ளே தூசியும் துருவும் சேர்ந்துகொள்கிறது. ஒருநாள் ரிமோட் பேட்டரியோ கார் பேட்டரியோ தீர்ந்துபோகும்போதுதான் சாவி ஞாபகம் வரும். பட்டன் சாவி வைத்திருப்பவர்கள் அதற்குள்ளே ஒரு உலோகச் சாவி ஒளிந்திருக்கிறதா, கைப்பிடி மூடிக்குப் பின்னால் துவாரம் மறைந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். மாதம் ஒருமுறை சாவி போட்டுத் திருப்பினாலே போதும். இறுகினால் கிராஃபைட் பொடி அல்லது டெஃப்லான் வகை உலர் ஸ்பிரே போடுங்கள், எண்ணெயையும் கிராஃபைட்டையும் கலந்தால் உள்ளே சேறுதான். டபிள்யூடி-40 ஸ்பிரே அவசரத்துக்கு உதவும், 1953இல் அதை உருவாக்கியதே ஈரத்தை விரட்டத்தான், ஆனால் பூட்டுக்கு அதுவே நிரந்தர மசகு ஆகாது. தேய்ந்த சாவியாக இருந்தால் பூட்டைத் திட்டுவதற்கு முன் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, திறந்த கதவு மூட மறுப்பது. குளிரில் கதவின் உள்ளிருக்கும் லாட்ச் கொக்கி உறைந்துவிட்டால் கதவு மோதி மோதித் திரும்பி வரும். ஓங்கி ஓங்கிச் சாத்துவதால் பலனில்லை. லாட்ச்சில் டீ-ஐசர் அடித்து, கைப்பிடியைச் சில தடவை இழுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை மூடும் பக்கம் தள்ளிப் பாருங்கள். 'டிக் டிக்' என்று விழுந்து நின்றால் சரியாகிவிட்டது. பிறகு மறக்காமல் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும்.