வில்னியுஸில் ஒரு சதம்

லித்துவேனியாவில் குடியேறும் தமிழர் தப்ப முடியாத பேச்சு ஒன்று உண்டு. "எங்கள் மொழி சமஸ்கிருதத்தின் சகோதரி. உங்களுக்குச் சுலபமாக வந்துவிடும்" என்பார்கள். எனக்கு வீடு வாடகைக்குத் தந்த அம்மையார் சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். நான் யாழ்ப்பாணத்தான், என் தாய்மொழி வேறு குடும்பம் என்றதும் அவர் முகம் வாடியது.

ஆனால் கடைக்குப் போனால் அவர் பேச்சில் பாதி உண்மை என்று தெரிகிறது. பற்பசைக் குழாயில் 'தந்தூ பாஸ்தா' என்று இருக்கிறது. பல் அவர்களுக்குத் தந்திஸ், வடமொழியில் தந்த. தேன் மெதுஸ், தேனைப் புளிக்கவைத்த மது மிதுஸ். நெருப்பு உக்னிஸ், புகை தூமை. நம்முடைய அக்கினியும் தூமகேதுவும் நினைவுக்கு வராமல் இருக்குமா? பொதுக் கழிப்பறைக் கதவில் 'வி' என்றால் வீரை, அதாவது ஆண்கள். ஆண் என்றாலே வீரஸ்தான், வீரம் இருக்கிறதோ இல்லையோ. 'எம்' என்றால் மோதெரீஸ், பெண்கள். மாதாவின் அதே வேர். ஆங்கில எழுத்தை நம்பிப் போகிறவர்கள் கவனம்!

எனக்குப் பிடித்தது சில்லறைதான். 2015இல் யூரோ வருவதற்கு முன் இங்கே லிதஸ் புழங்கியது. அதில் நூறில் ஒரு பங்கு த்ஸெந்தஸ். யூரோவின் சில்லறைக்கும் அந்தப் பெயரே நீடிக்கிறது. நூறு என்பதற்கோ ஷிம்தஸ். இரண்டும் ஒரே வேர்: ஷிம்தஸ் பரம்பரைச் சொத்து, த்ஸெந்தஸ் லத்தீனிலிருந்து பின்னால் வந்தது. ஊரில் நாங்கள் ஐம்பது சதம் என்று எண்ணிய காசும் வடமொழி 'சத' வழியாக அதே வேருக்குத்தான் போய்ச் சேர்கிறது.

இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூலமொழியைச் சேர்ந்த அந்த வேரை *க்ம்தோம் என்பது போல நட்சத்திரக் குறியிட்டு எழுதுகிறார்கள். எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைக்காத, வாரிசுகளைக் கொண்டு கட்டி எழுப்பிய வடிவம் என்பதற்கு அதுதான் அடையாளம். தொடக்கத்துக் ககரம் லத்தீனில் ககரமாகவே நின்றது. லித்துவேனியனிலும் வடமொழியிலும் ஷகர, சகரமானது. ஆங்கிலம் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் ஹகரமாகி ஹண்ட்ரட் வந்தது. ஒரு சொல்லில் மட்டுமல்ல, சொல்லுக்குச் சொல் இந்த ஒழுங்கு திரும்ப வர வேண்டும், அப்போதுதான் உறவு. வெறும் காதொலியை நம்பினால் நம் 'ஒன்று'ம் ஆங்கில 'one'-உம் அண்ணன் தம்பி ஆகிவிடும். ஆங்கிலச் சொல்லின் மூலம் *ஓய்னோஸ். நம் ஒன்றுக்கு உறவு கன்னட ஒந்து.

தந்தமும் மதுவும் பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்று. பல், தேன், தீ, நூறு எங்கள் வீட்டுடையவை என்று அம்மையாருக்கு விளக்கினேன். அவரும் விடவில்லை. ஆகஸ்ட் ஷ்லைஹர் என்ற ஜெர்மானியர் 1852இல் பிரஷ்யாவின் லித்துவேனியப் பகுதிக்கு வந்து, குடியானவர்களின் பேச்சைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போய், 1856இல் இலக்கணம் வெளியிட்டார் என்றார். மூலமொழி என்று தாம் கருதியதிலேயே ஆட்டையும் குதிரைகளையும் வைத்துக் கதை எழுதியவர், 1868இல். அதே 1856இல்தான் கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணமும் வந்தது என்று நானும் சொல்லிவைத்தேன். கணக்குச் சமன்.

உண்மையில் மொழி வகுப்பில் என்னைக் காப்பாற்றியது இந்தச் சொற்கள் அல்ல, வேற்றுமை. இவர்களுக்கு ஏழு, நமக்கு எட்டு. கூட இருந்த ஸ்பானியர் ஏழையும் கண்டு திணறியபோது எனக்கு அது பள்ளிக்கூடத்துப் பாடமாகத்தான் இருந்தது. விளி வேற்றுமைகூட இங்கே உயிரோடு இருக்கிறது: யோனஸ் என்பவரைக் கூப்பிடும்போது யோனை. கண்ணன் கண்ணா ஆவதைப் போல. இதில் உறவு ஏதும் இல்லை, இரண்டும் தனித்தனியே வளர்ந்தவை.

வெளிநாட்டுப் பெயரையும் இவர்கள் சும்மா விடுவதில்லை. பின்னால் அஸ் ஒட்டினால்தான் வேற்றுமை உருபு ஏறும். தபால் பெட்டியில் நான் குமாரஸ். (பெயரே வடமொழி என்பதில் அம்மையாருக்கு ஏக வெற்றி.) தண்ணீர்க் கட்டணச் சீட்டோடு மாடிப்படியில் நின்று "குமாரை!" என்று கூப்பிடுகிறார். அவருக்கு அது விளி. என் காதில் இரண்டாம் வேற்றுமையாக விழுகிறது. குமாரை என்ன செய்யப் போகிறார் என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறக்கிறேன்.