அஸ்வெசும மேன்முறையீடும் அம்மாவின் கட்டிலும்

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த பின்னர், அவரைக் குளிப்பாட்டவும், தூக்கி இருத்தவும், படுக்கைப்புண் வராமல் இரவில் புரட்டிப் படுக்க வைக்கவும் வீட்டில் வேறு எவரும் இல்லாதபடியால், நான் படிப்பித்துவந்த முன்பள்ளி வேலையை விட்டேன். 2023 இல், வசதி குறைந்த குடும்பங்களுக்கு இலங்கை அரசு மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் நடைமுறைக்கு வந்தபோது எங்களுக்கு அது கிடைக்கும் என்றே நம்பினேன். பட்டியலில் எங்கள் பெயர் இருக்கவில்லை.

இத்திட்டத்தில் வருமானத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்துகள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பத்தை எடைபோட்டு, தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என நான்கு வகுப்புகளில் ஒன்றில் சேர்த்தார்கள். எங்கள் வீடோ, கனடாவில் இருக்கும் அண்ணா முன்னர் அனுப்பிய காசில் மாபிள் பதித்த வீடு. அண்ணாவுக்கு வேலை குறைந்து காசு வருவது நின்றுவிட்டது. மாபிளைப் பெயர்த்து விற்கவா முடியும்? அம்மாவின் அறையில் இரவுபகலாகச் சுழலும் மின்விசிறியும், நாளாந்தம் துணி அலசத் தண்ணீர் இறைக்கும் மோட்டரும் மின்பட்டியலில் அலகுகளைக் கூட்டிக் காட்டின. நோயாளி இருப்பதால் கூடிய செலவு, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வசதியாகத் தெரிகிறது.

மேன்முறையீடு செய்யலாம் என்று கிராம அலுவலர் சொன்னார். கிளினிக் கொப்பியின் பிரதி, வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டை, மின்பட்டியல்கள், நான் வேலையை விட்ட திகதியைக் குறிப்பிட்டு முன்பள்ளி தந்த கடிதம் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்து, எல்லாவற்றிலும் ஒரு பிரதியை என்னிடமும் வைத்துக்கொண்டேன். மீளவும் பார்க்க வந்த உத்தியோகத்தரை, முதல் தடவை போல விறாந்தையில் இருத்தித் தேநீர் கொடுக்காமல், நேராக அம்மாவின் கட்டிலடிக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் காரியத்துக்கு அதுவே கூடுதலாக உதவியது என்று இன்றும் நினைக்கிறேன். முன்பள்ளியின் கடிதத்தை மட்டும் அவர் திருப்பித் தந்தார். படிவத்தில் அதற்கு இடமில்லையாம். என் தொழில் என்ன என்ற கேள்விக்கு எதிரே "வேலையில்லை" என்று எழுதினார். மாற்றுத்திறனாளி, சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகியோருக்குத் தனித்தனிக் கொடுப்பனவுகள் இருக்கின்றன. அவர்களைத் தூக்கித் துடைத்துப் பார்ப்பவருக்கென்று எதுவும் இல்லை என்பதை அன்றுதான் தெளிவாக விளங்கிக்கொண்டேன்.

சில மாதங்களின் பின் 5,000 ரூபாய் வகுப்பில் எங்கள் பெயர் வந்தது. வங்கியில் கணக்குத் திறக்கச் சென்ற அன்று, அம்மாவுடன் இருக்கும்படி பக்கத்து வீட்டு அன்ரியைக் கேட்டேன். வரிசை நீண்டிருந்தபடியால் வீடு திரும்ப மதியம் தாண்டிவிட்டது. அதற்குள் அன்ரி அம்மாவுக்குக் கஞ்சி பருக்கி, சீலையும் மாற்றிவிட்டிருந்தார்.